யானைப் பிரச்சினை: ஊராக்கள்ட சொல்லா, ஆராய்ச்சிக்காரர்ட சொல்லா?

கேள்வி இதுதான்: காலங்காலமா காட்டோரத்துல வயல் செய்யுற சனத்துக்குத் தெரியாத எதப் படிச்ச ஆக்கள் வந்து சொல்லப் போறாங்க, திருகோணமலைல இவ்வளவு மீற்றிங் இவ்வளவு வேலி போட்டும் ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் ஏன் அதே அழிவு, கடைசில யார்ட சொல்லக் கேக்கிறது எண்டு ஒரு தம்பி கேட்டிருந்தார். கோவத்தோட கேட்டிருந்தார், அந்தக் கோவத்துல நியாயம் இருக்கு.

சுத்தி வளைக்காமச் சொல்லுறன். ரெண்டு பக்கத்துக்கும் உண்மையான அறிவு இருக்கு. இவ்வளவு காலமும் வேலி போன கோடு அந்த ரெண்டுல ஒண்டக் கேட்டும் கீறினதில்ல, அது திணைக்களங்கள்ட எல்லைக்கோடு. அதுதான் என்ட முழுப் பதிலும், மிச்சமெல்லாம் அதுக்கான விளக்கம்.

முதல்ல எவ்வளவு பெரிய விசயம் எண்டத ஒருக்கா பாத்துக்கொள்ளுங்க. 2019ல மட்டும் நாடு முழுக்க 400க்கு மேல யானையும் 120க்கு மேல மனுசரும் செத்தாங்க. 2023ல அது இன்னும் கூடிச்சு, யானை 470க்கு மேல. சுட்டுச் செத்தது, இரைக்குள்ள ஒளிச்சு வைக்கிற பன்றி வெடி கடிச்சு வாய் சிதறிக் கிடந்து பட்டினில செத்தது, மெயின் லைன்ல இருந்து களவா இழுத்த கம்பில பட்டுச் செத்தது, ரயில்ல அடிபட்டது எல்லாம் இதுக்குள்ள. எங்கட திருகோணமலைப் பாதை பிரியுற கல்ஓயாவுக்குக் கிட்ட 2025 பெப்ரவரில மட்டக்களப்பு ரயில் ஒண்டு மோதி ஒரே கூட்டத்து ஆறு யானை செத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இனி ஊராக்கள்ட அறிவு. காட்டோரத்துப் பரண்ல ராவு ராவாக் காவல் இருந்த ஒரு ஆளோட விடியக்காலம வரம்புல நடந்து பாருங்க. சேத்துல பதிஞ்ச முன்னங்கால் தடத்த ஒரு கயித்தால சுத்தி அளந்து, அந்த நீளத்த ரெட்டிச்சு, யானைட தோள்மட்ட உயரம் இவ்வளவு எண்டு சொல்லுவாங்க. இது ஊர்க்கதை இல்ல, யானை ஆராய்ச்சிலயும் இதே கணக்குத்தான், அவங்களும் அளந்து பாத்து சரியெண்டு எழுதி வச்சிருக்காங்க. பிறகு சாணத்தக் கிண்டிப் பாத்து நெல்லுச் சப்பி கிடக்கா, காட்டுக்கொடி நார் கிடக்கா எண்டு பாத்தா நேத்து ராவு எந்தப் பக்கத்து வயலுக்க நிண்டது எண்டு தெரியும். வாறது கூட்டமா தனியனா, காது கிழிஞ்சதா, வால் அறுந்ததா, எந்தத் தனியன் வெடிச்சத்தத்துக்கு ஓடும், எது நிண்டு திரும்பிப் பாத்துட்டு எங்கட பக்கமே வரும், இதெல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. ஆராய்ச்சிக்காரரும் காதுட கிழிசல், வால்ட முடி, முதுகு வளைவு வச்சுத்தான் ஒவ்வொரு யானையையும் போட்டோ எடுத்து அடையாளப் புத்தகம் செய்யுறாங்க, அத ஊராக்கள் புத்தகம் இல்லாமச் செய்யுறாங்க.

இன்னொண்டு பலருக்குத் தெரியாது. இலங்கைல யானை எந்தெந்த இடத்துல இருக்கு எண்டு முழு நாட்டுக்கும் ஒரு மெப் செய்தாங்களே, யானை ஆராய்ச்சிக்காரர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் அவர்ட குழுவும், அது எப்படிச் செய்தது தெரியுமா? நாட்ட 25 சதுர கிலோமீற்றர் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் குடியிருக்கிற ஆக்கள்ட போய்க் கேட்டாங்க. யானை வருமா, எந்த மாசம் வரும், கூட்டமா ஆணா, பயிர அழிக்குதா எண்டு. அப்படிக் கேட்டு வந்த முடிவு, நாட்டுட நிலத்துல கிட்டத்தட்ட 60 வீதத்துல யானை நடமாடுது, அந்த நிலத்துலயும் 70 வீதம் அளவு மனுசர் குடியிருக்கிற நிலம். இந்த ஒரு முடிவுதான் நாட்டுட யானைக் கொள்கையயே திருப்பிக் கேள்வி கேக்க வச்சது. ஏனெண்டா அதுவரைக்கும் எல்லாரும் யானைய பார்க்குக்குள்ள (தேசியப் பூங்காவுக்குள்ள) தள்ளி வேலி போட்டா முடிஞ்சுது எண்டுதான் நினைச்சாங்க. 70 வீதத்துல மனுசரும் யானையும் ஒண்டாத்தான் இருக்காங்க எண்டா எங்க தள்ளுறது? அந்த விஞ்ஞானம் வந்ததே ஊராக்கள்ட வாயில இருந்துதான். அதனால "படிச்ச ஆக்கள் எதச் சொல்லப் போறாங்க" எண்டு கேக்கிறதுக்கு முதல் இத யோசிங்க.

ஆனா ஊராக்கள்ட அறிவுக்கும் ஒரு எல்லை இருக்கு, அத மறைக்கிறது நேர்மை இல்ல. வயல்காரருக்கு யானை வயலுக்க வாற நேரம் தெரியும், ஆத்தத் தாண்டினாப் பிறகு அது என்ன செய்யுதெண்டு தெரியாது. கழுத்துல ஜிபிஎஸ் கொலர் (யானை நிக்கிற இடத்தக் காட்டுற பட்டி) போட்டுப் பாத்ததுல என்ன தெரிஞ்சதெண்டா எங்கட நாட்டு யானைகள் பெரிய தூரம் போறேல்ல, பெரும்பாலானதுக்கு 50ல இருந்து 150 சதுர கிலோமீற்றர் நிலம் போதும், பிறந்து வளந்து சாகுமட்டும் அதுக்குள்ளதான் சுத்தும். எங்கட ஊர்ல "சோமாவதிக் காட்டுல இருந்து கூட்டம் கூட்டமா இறங்குது" எண்டு சொல்லுற யானை உண்மைல ஊருக்குப் பின்னால உள்ள பத்தைக்குள்ளயே வருசம் முழுக்க நிக்கிற யானையா இருக்கலாம். பெரிய மரக்காட்டுக்குள்ள யானைக்குச் சாப்பாடு குறைவு, உயர்ந்த மரத்துக்குக் கீழ நிழல்ல புல்லு வளராது. கைவிட்ட சேனை (காடு வெட்டிப் பயிர் செய்யுற நிலம்), வெட்டி விட்ட காடு, குளத்தங்கர, வில்லு (ஆத்தோரத்துல தண்ணி தேங்குற புல்வெளி), இப்படியான இடத்துலதான் அதுக்குச் சாப்பாடு. சேனை செய்த பழைய ஆக்களுக்கு இது தெரியும், "ரெண்டு வருசம் விட்ட சேனைக்குள்ள கவனமாப் போ" எண்டு சொல்லித்தான் பிள்ளைகள அனுப்புவாங்க.

இங்க எங்கட மாவட்டத்துட கதைய நினைக்காம இருக்கேலாது. 2006ல மூதூர் கிழக்கு, சம்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கத்துச் சனம் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடினாங்க, சம்பூர் ஆக்கள்ல பலர் திரும்பி வர கிட்டத்தட்ட பத்து வருசம் ஆச்சு. அதுக்குள்ள வயலும் வளவும் பத்தையாச்சு. யானைக்கு அதவிட நல்ல இடம் எங்க? அந்தக் காலத்துல அங்க பிறந்த குட்டிக்கு அது வயலெண்டோ ஆரோ ஒருத்தர்ட வளவெண்டோ தெரியாது, அதுட வீடு அது. திரும்பி வந்த சனத்துக்கு அது உரிமைப் பூமி. கொழும்புல இருந்து கதைக்கிற ஆக்கள் "யானைட பாதைல வீடு கட்டினா இப்படித்தான்" எண்டு லேசாச் சொல்லிட்டுப் போறாங்க, அது எனக்குத் தாங்க முடியாத கதை. சண்டைக்குள்ள ஓடினவன் காட்டுக்குள்ள போய்க் குடியேறல, அவன்ட வீட்டுக்குள்ள காடு வந்தது.

அடுத்தது, "பிரச்சினைக்கார யானையப் பிடிச்சுக் கொண்டு போங்க" எண்ட கோரிக்கை. எல்லா மீற்றிங்கிலயும் முதல் வாறது இதுதான், ஆள் செத்த வீட்டுக்காரர் கேக்கும்போது வேண்டாம் எண்டு சொல்லவும் வாய் வராது. ஆனா 12 ஆண் யானையப் பிடிச்சு பார்க்குகளுக்குள்ள விட்டு கொலர் போட்டுப் பின்தொடர்ந்த ஆய்வு 2012ல வெளிவந்தது. சிலது பிடிச்ச இடத்துக்கே திரும்பிச்சு, சிலது நிலையில்லாம ஊர் ஊரா அலைஞ்சுது, சிலது வேற இடத்துல குடியேறிச்சு. மொத்தத்துல பிரச்சினை குறையல, புது ஊர்களுக்கும் பரவிச்சு, யானையும் கூடச் செத்தது. இதுல ஒண்டக் கவனிக்கணும். எங்கட ஆக்கள் பல காலமா "எங்கயோ பிடிச்ச யானையக் கொண்டு வந்து இந்தப் பக்கம் விட்டுட்டாங்க" எண்டு சொல்லுவாங்க, அத வதந்தி எண்டு சிரிச்சுத் தள்ளின ஆக்கள் இருக்காங்க. எல்லா யானையும் அப்படி வந்ததில்ல, உண்மை. ஆனா இடம் மாத்தின ஆண் யானை அலைஞ்சு அலைஞ்சு புது ஊர்ல தலை காட்டும் எண்டதத்தானே அந்த ஆய்வும் சொல்லுது. ஊராக்கள்ட பேச்ச வதந்தியெண்டு தள்ளுறதுக்கு முதல் அதுக்குள்ள என்ன கண்டிருக்காங்க எண்டு பாக்கிறதுதான் விஞ்ஞானம். அநுராதபுரம் ரோட்டுல ஹொரவப்பொத்தானைல இப்படியான யானைகள அடைச்சு வைக்க 2013ல ஒரு பெரிய இடம் திறந்தாங்க, அதுக்குள்ள விட்டதுல பலது செத்தும் போச்சு உடைச்சுக்கொண்டும் போச்சு, அரசாங்கக் கணக்காய்வுலயே அது வந்தது.

கூட்டமா விரட்டுறதும் அதே மாதிரித்தான். வெடி போட்டு ஆள் போட்டு விரட்டினா ஓடுறது பெட்டையும் குட்டியும். பயிருக்கு வாறதோ பெரும்பாலும் வளந்த ஆண் யானை, அது பத்தைக்குள்ள ஒதுங்கி நிண்டுட்டு ஆக்கள் போனாப் பிறகு வரும். விரட்டின கூட்டத்த பார்க்குக்குள்ள அடைச்சு வேலி போட்டா உள்ளுக்குச் சாப்பாடில்லாம எலும்பும் தோலுமாச் சாகும், தெற்குல லுணுகம்வெஹெரவுல நடந்தது அதுதான்.

இப்ப வேலிக்கு வாறன், சண்டையே இங்கதானே. நாட்டுல 4,000 கிலோமீற்றருக்கு மேல மின்வேலி இருக்கு, பிறகும் சாவு கூடுது. காரணத்த ஆராய்ச்சிக்காரர் பல வருசமாச் சொல்லிட்டாங்க. வேலில பெரும் பங்கு போனது வனஜீவராசிகள் திணைக்களத்துட காட்டுக்கும் வன இலாகாட காட்டுக்கும் நடுவுல. ரெண்டு பக்கமும் காடு, ரெண்டு பக்கமும் யானை. யாருமில்லாத காட்டுக்க கிடக்கிற வேலிய யானை ஆறுதலா நிண்டு படிக்கும், உள்ளங்காலால கட்டைய மிதிச்சுச் சாய்க்கும், மரத்தத் தள்ளி கம்பில போடும், கொம்பனெண்டா கொம்பால கம்பியத் தூக்கும், கொம்புல கரண்ட் பாயாது. இந்த வேலி எங்கட ஆக்கள்ட கேட்டுப் போட்டிருந்தா ஒரு சின்னப் பிள்ளையும் சொல்லியிருக்கும் அண்ணே அந்தப் பக்கமும் யானை நிக்குது எண்டு.

வேலி ஊரச் சுத்திப் போடணும், வயலச் சுத்திப் போடணும். குருநாகல் மாவட்டத்துல கல்கமுவ பக்கம் இத முதல்ல செய்து பாத்தாங்க. ஊருக்கு நிரந்தர வேலி, வயலுக்கு அந்தப் போகத்துக்கு மட்டும் வேலி. விதைப்போட வயல்வேலி எழும்பும், வெட்டு முடிஞ்சதும் கம்பியச் சுருட்டி கட்டையக் கழட்டி வைப்பாங்க, பிறகு வயல் திறந்துதான் கிடக்கும், யானை வந்து வெட்டின ஒட்ட (அடித்தாள) மேயும். பாக்கிறதும் துப்புரவாக்கிறதும் கமக்காரர் அமைப்பு. 2020ல பெர்னாண்டோ தலைமைல ஒரு குழு அமைச்சு தேசிய செயற்திட்டம் எழுதினப்பவும் இதுதான் அடிப்படையா வந்தது.

இது ஏன் வேலை செய்யுதெண்டா, மின்வேலி சுவர் இல்ல, யானைக்குப் பயத்தக் காட்டுற ஒண்டுதான். பெட்டில இருந்து விட்டு விட்டு வாற ஆயிரக்கணக்கான வோல்ட் அடி, சுண்டி எறியும், கொல்லாது. மெயின் லைன்ல கொழுவின கம்பி வேற, அது 230 வோல்ட் எண்டாலும் விடாமப் பாயும், யானையும் சாகும் அதத் தெரியாமத் தொட்ட பக்கத்து வளவுக்காரரும் சாவார், தயவுசெய்து யாரும் அதச் செய்யாதீங்க. சரியான வேலிக்கும் எதிரி புல்லு. மாரி மழை ரெண்டு நாள் பெய்தாப் போதும், கொடி ஏறிக் கீழ்க்கம்பியத் தொடும், ஈரக்கொடி வழியா கரண்ட் எல்லாம் மண்ணுக்க இறங்கிரும், டெஸ்டர வச்சுப் பாத்தா மேல்க்கம்பிலயே பாதி இருக்காது. யானை தும்பிக்கையக் கிட்டக் கொண்டு போய் கண்டுபிடிச்சிரும். காட்டுக்க 20 கிலோமீற்றர் வேலிய ரெண்டு மூண்டு உத்தியோகத்தர் எப்படிப் புல்லு வெட்டி வைக்கிறது? அதே வேலி வயல் வரம்போட போனா ஒவ்வொருத்தரும் தன்ட துண்டுக்கு முன்னால மம்பட்டியால ரெண்டு இழுவை இழுத்தா முடிஞ்சுது.

ஆனா கல்கமுவத் திட்டத்த அப்படியே இங்க கொண்டு வந்து ஒட்டினாச் சரிவராது, எங்கட வயல்காரர்ட வாயக் கேட்டே ஆக வேண்டிய இடம் இதுதான். கந்தளாய்க் குளத்துத் தண்ணி பாயுற வயலும் அல்லைத் திட்டத்து வயலும் ரெண்டு போகம். பெரும்போகம் மாசி பங்குனில வெட்டினா கொஞ்ச நாள்ல சிறுபோகத்துக்கு உழவு மெஷின் இறங்கிரும், வேலியக் கழட்டுறதுக்கு இடைவெளியே இல்ல. அங்க வயல்வேலி கிட்டத்தட்ட வருசம் முழுக்க நிக்கத்தான் வேணும், அப்ப யானை கோடைக்குச் சாப்பிட வேற இடம், குளத்தங்கரயும் வில்லும், அடைபடாம இருக்கணும். மானாவாரி வயலெண்டா வேற கதை, வெட்டு முடிஞ்சா புரட்டாசி ஐப்பசி வரைக்கும் நிலம் சும்மாதான் கிடக்கும், அங்க கழட்டுற வேலி அருமையாப் பொருந்தும். குச்சவெளி, சம்பூர்ப் பக்கத்து மானாவாரிக்காரரையும் கந்தளாய்க்காரரையும் ஒரே மீற்றிங்ல இருத்தி ஒரே தீர்வக் குடுத்தா ஒருத்தருக்காவது அது பொய்யாத்தான் போகும்.

பட்டிக்காரர யாரும் கூப்பிடுறேல்ல, எனக்கு அது பெரிய கவலை. மகாவலி கடலுக்கு இறங்குற பக்கத்து வில்லுகள்ல கோடைல எந்த வில்லுல புல்லு நிக்கும், எதுல தண்ணி முதல் வத்தும், யானை எந்த நேரத்துல எந்தக் கரையால இறங்கும் எண்டு மாடு மேய்க்கிறவரப் போல அறிஞ்ச ஆள் இல்ல, ஏனெண்டா மாட்டையும் யானையையும் ஒரே புல்லுல விட்டுட்டு உயிரோட வீட்டுக்கு வரணுமே. வெட்டின வயல யானைக்குத் திறந்து விடச் சொன்னா பட்டிக்காரர் என்ன செய்வார் எண்டதையும் யோசிக்கணும், அந்த ஒட்டுல மேயுறது இப்ப அவர்ட மாடு. பகல்ல மாடு ராவுல யானை எண்டு பங்கு போடலாமா, எந்த வட்டைல (வயல்வெளில) விடலாம் எண்டதெல்லாம் அவர இருத்திக் கதைச்சாத்தான் வரும்.

பொம்பிளைகளும் அப்படித்தான். மீற்றிங்குக்கு வாறது வயல் பேர்ல உள்ள ஆம்பிளைகள், அவங்க வயல் அழிவப் பத்திக் கதைப்பாங்க. ஆனா யானை வீட்டுச் சுவர உடைக்கிறது உள்ளுக்க அடுக்கின நெல்லு மூட்டைக்கு, சில நேரம் குசினில இருக்கிற உப்புக்கு. எந்த அறைல மூட்டை இருந்தா எந்தச் சுவர் போகும், பிள்ளைகள எங்க படுக்க வைக்கலாம், விடிய இருட்டுல எந்த ஒழுங்கையால ஸ்கூலுக்கும் கிணத்துக்கும் போகேலாது, இதெல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். ஊர்வேலி எங்கால போகணும் எண்டது இந்தத் தகவல்ல இருந்துதான் வரணும். நெல்ல வீட்டுல வைக்காம பொதுவா ஒரு இடத்துல காப்பா வைக்கிற யோசனையும் அவங்கட்ட இருந்துதான் வரும்.

தேன்கூட்டு வேலியப் பத்தியும் சிலர் கேக்கிறாங்க, கென்யாவுல நல்லா வேலை செய்தது, இங்க வஸ்கமுவ பக்கத்துலயும் பரீட்சிச்சாங்க. எங்கட தேனீ சின்னது, சாது, கூட்டுல நிரந்தரமாத் தங்குறது கஷ்டம். வெருகல், மூதூர்ப் பக்கம் தேனெடுக்கிற வேடர் சமூகத்து ஆக்கள்ட கேட்டா எந்தப் பூ முடிஞ்சா தேனீ எழும்பிப் போகும் எண்டு சொல்லுவாங்க, பெட்டிக்குக் காசு செலவழிக்க முதல் அவங்களக் கேட்டிட்டுச் செய்யுங்க.

பாசைப் பிரச்சினையும் இருக்கு. ஆய்வு இங்கிலிஷ்ல, உத்தியோகத்தர் சிங்களத்துல, சனம் தமிழ்ல. கொலர் போட்ட யானை நடமாடின மெப்ப தமிழ்ல விளங்கப்படுத்தி கமநல சேவை நிலையத்துச் சுவர்ல ஒட்டினா, "இந்தத் தனியன் மூண்டு மாசமா இந்தப் பத்தைலதான் நிக்குது" எண்டு பாத்த உடனேயே ஆக்கள் "அது காது கிழிஞ்சதுதானே" எண்டு சொல்லுவாங்க. அதுக்குப் பிறகு அந்த மீற்றிங் வேற மாதிரிப் போகும்.

தம்பி கேட்ட "யாரோட தொடங்குறது" எண்டதுக்கு என்ட யோசனை இது. புதுசா ஒரு குழுவும் வேண்டாம். பெரும்போக ஆரம்பக் கூட்டம் எண்டு ஒண்டு ஒவ்வொரு வருசமும் நடக்குது, அதுல விதைக்கிற திகதி, தண்ணி திறக்கிற திகதி, வயலுக்க இருந்து மாடு அப்புறப்படுத்துற திகதி எல்லாம் தீர்மானிக்கிறாங்க, எல்லாரும் அதுக்குக் கட்டுப்படுறாங்க. வேலி எழுப்புற திகதியும் கழட்டுற திகதியும் அதே தீர்மானத்துக்குள்ள போகட்டும். விதைப்பு எல்லாருக்கும் ஒரே கிழமைல முடிஞ்சா வெட்டும் ஒண்டா வரும், கடைசியாப் பிந்தி நிக்கிற வயல்தான் எப்பவும் மொத்தமாப் போறது எண்டு எல்லாருக்கும் தெரியும். கூட்டத்துக்கு முதல் வட்டவிதானையும் (வட்டைக்குத் தண்ணி பங்கிடுறவர்) ரெண்டு காவல்காரரும் ஒரு பட்டிக்காரரும் ரெண்டு பொம்பிளைகளும் வனஜீவராசிகள் உத்தியோகத்தரும் வேலிக் கோட்டக் காலால நடந்து பாக்கட்டும், யானை போன வருசம் எங்கால இறங்கிச்சு எண்டு ஒவ்வொரு இடத்துலயும் கட்டை அடிச்சு வைக்கட்டும், கொலர் மெப்ப கைல வச்சுக்கொண்டு. பிரதேச செயலகத்துக்கு வேலிக்கு எழுதும்போது அந்த மெப்பையும் சேத்துக் குடுங்க. ஆவணிக்குள்ள குடுத்தாத்தான் ஐப்பசி விதைப்புக்கு முதல் சாமான் வரும், இப்பவே ஜி.எஸ்.ஐயும் (கிராம சேவகர்) கமக்காரர் அமைப்புத் தலைவரையும் பிடிச்சுத் திகதி எடுங்க.